மூன்று வீட்டுக் குழம்பு

மந்தாரக்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர் புவனாவுக்கு, நேரத்தை வீணாக்குபவர்களைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். விடைத்தாள் திருத்துவதையே எடுத்துக்கொள்ளுங்களேன். மற்றவர்கள் ஒரு தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்திவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். புவனா வகுப்பு மொத்தத்துக்கும் முதல் கேள்வியை மட்டும் திருத்துவாள். பிறகு திரும்பி வந்து இரண்டாவது கேள்வி. ஒரே விடை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது எதற்கு மாற்றி மாற்றி யோசிக்க வேண்டும் என்பது அவள் கட்சி. அந்த வேகத்தைப் பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் சனிக்கிழமை விடைத்தாள் கட்டைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள். அவள் கைவீசிக்கொண்டு போனாள்.

அப்படிப்பட்டவளுக்கே நேரம் போதாமல் போனது, அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்வுக்கு அறிவிப்பு வந்தபோது. போன தடவை மயிரிழையில் நழுவிய வேலை அது. பாடம் தெரியாமல் இல்லை, திருப்பிப் பார்க்க நேரமில்லாமல் போனதுதான் காரணம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கணவன் சசிகுமாருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. பெர்மனென்ட் ஆகும் ஆகும் என்று சொல்லிக்கொண்டே வருஷங்கள் போய்விட்டன. மகள் ஏழாவது படிக்கிறாள். இந்த முறை வேலையை வாங்கியே தீருவது என்று புவனா முடிவு கட்டினாள். காலையில் இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும், மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

அந்த இரண்டு மணி நேரமும் அடுப்படியில்தான் போய்க்கொண்டிருந்தது. அவளோடு வேலை பார்க்கும் ஆசிஃபாவும் சத்யாவும் அதே சந்தில்தான் குடியிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, ஒரே மாதிரி சாம்பாருக்கு மூன்று அடுப்பில் பருப்பை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட அநியாயம் உண்டா? மதியச் சாப்பாட்டின்போது இரண்டு பேரையும் பிடித்து உட்காரவைத்தாள்.

"சோறு அவங்கவங்க வூட்ல வடிச்சிக்கலாம். குழம்பும் பொரியலும் முறை வெச்சிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு வூடு, மூணு வூட்டுக்கும் சேத்து."

"கறி மீனு?" என்றாள் ஆசிஃபா.

"அது ஞாயித்துக்கெழம. அவங்கவங்க பாடு."

சத்யா தயங்கினாள். "எங்க வூட்ல காரம் தூக்கலா இருக்குமே."

"மோர் ஊத்திகினு சாப்புட்டுக்கறோம், விடு."

திட்டம் பிடித்துக்கொண்டது. சந்தையில் மூன்று வீட்டுக்கும் மொத்தமாகக் காய் வாங்கினார்கள். கேஸ் சிலிண்டர், இன்னும் தீரவில்லையா என்று கேட்கும்படி நாள் தாங்கியது. மிச்சம் பிடித்த பணத்தில் புவனா மாதிரித் தேர்வுகளுக்குப் பணம் கட்டினாள். முறை இல்லாத நாட்களில் விடியுமுன் எழுந்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறிக்கொண்டே வந்தது. வேலை கைக்கு வந்துவிட்ட மாதிரியே நடந்தாள்.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, திருவதிகையில் சத்யாவின் அம்மா வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. சத்யா நீண்ட விடுப்பு போட்டுவிட்டு ஓடினாள். அவள் கணவன் வெங்கடேஷும் மகனும் இங்கேதான் இருந்தார்கள். ஆக, சாப்பிடும் வீடு மூன்று, சமைக்கும் கை இரண்டு பேருடையது. ஆசிஃபா தானே எல்லா நாளும் சமைப்பதாகச் சொன்னாள். கைக்குழந்தைக்காரி மேல் அதைப் போட புவனாவுக்கு மனசு வரவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அடுப்பு. பாதி நாள் படிப்பு போயிற்று. முதல்முறையாக அவளுக்குப் பயம் வந்தது.

அப்படி ஒரு காலையில் சத்யா வீட்டுக்குத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பூனைபோல நடந்தாள். வெங்கடேஷுக்கும் சுரங்கத்தில்தான் வேலை, அந்த வாரம் நைட் ஷிஃப்ட். நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்குகிறார் என்றால் இந்த ஊரில் தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். கீரைக்காரர் கூவாமல் தாண்டிப் போவார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போவார்கள். புவனாவும் கதவைத் தட்டாமல் வாளியைத் தாழ்ப்பாளில் மாட்டப் போனாள். உள்ளேயிருந்து சத்தமான சிரிப்பு கேட்டது.

ஜன்னல் வழியே பார்த்தால், வெங்கடேஷ் டீ டம்ளரும் கையுமாகப் போனில் ஏதோ காமெடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கலியாண்ணே?"

"வந்த உடனே எங்க டீச்சர் தூக்கம் வருது? பத்து மணி ஆயிடும். சும்மாதான் உக்காந்துகினு இருக்கேன்."

புவனா அங்கேயே நின்றுவிட்டாள். தன் வீட்டில் சசிகுமாருக்கு அந்த வாரம் செகண்ட் ஷிஃப்ட், மதியம்தான் கிளம்ப வேண்டும். அவர் இப்போது பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு குழம்பு வாசனையை மோந்துகொண்டிருப்பார். ஆசிஃபாவின் கணவன் ரைஹானுக்கும் இதே கதைதான். அவளுக்குக் கோபம் வந்தது, அவர்கள் மேல் இல்லை, தன் மேல். இருக்கிற ஆட்களில் பாதிப் பேரை விட்டுவிட்டு எந்த மடையன் டைம்டேபிள் போடுவான்? போட்டது அவளேதான்.

ஞாயிற்றுக்கிழமை புவனா, ஆசிஃபா வீட்டில் எல்லோரையும் கூட்டினாள். யாருக்குக் காலையில் ஷிஃப்ட் இல்லையோ அவருக்கு அந்த வாரம் அடுப்பு. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்காரருக்கு மட்டும் விலக்கு.

"எனக்கு வெந்நி வெக்கத்தான் தெரியும்" என்றார் சசிகுமார்.

"வெந்நி வெக்கத் தெரிஞ்சா பாதி சாம்பார் தெரிஞ்சுதுன்னு அர்த்தங்க. மீதிய நான் சொல்லித் தரேன்."

"கூட வேல செய்யறவங்க கேட்டா சிரிப்பாங்களே டீச்சர்" என்று இழுத்தார் வெங்கடேஷ்.

"சிரிக்கட்டும். அவங்களையும் சேத்துக்கலாம்."

ரைஹான் வாதாடவே இல்லை. புளி எவ்வளவு போட வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

சசிகுமாரின் முதல் சாம்பாரை ஸ்டாஃப் ரூமில் திறந்தபோது, புவனாவும் ஆசிஃபாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உப்பே இல்லை. "பருப்பு நல்லா வெந்திருக்கு" என்றாள் ஆசிஃபா, சுமாராகப் படிக்கும் பையனின் அம்மாவிடம் பேசும் குரலில். சாயங்காலம் புவனா கணவனிடம் கறாராகச் சொன்னாள்: "பத்துக்கு நாலு. ஃபெயில் பண்ண மாட்டேன். நாளன்னிக்கி திரும்ப வெக்கணும்." அவர் திரும்ப வைத்தார். மூன்றாவது வாரம் மூன்று வீட்டிலும் குழம்புச் சட்டி வழித்துவைத்த மாதிரி காலியாகியிருந்தது. புவனா காலைகளெல்லாம் படித்தாள்.

கடலூரில் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இந்த தடவ எனக்குத்தாங்க" என்று பஸ் ஸ்டாண்டிலிருந்தே போன் செய்தாள்.

மறுநாள் காலை எழுந்து, தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சசிகுமார் அங்கே குந்திக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிங்க. அதான் எக்ஸாம் முடிஞ்சிடுச்சே, இனிமே நான் பாத்துக்கறேன்."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எக்ஸாம் ஒனக்குத்தான் முடிஞ்சிது. எனக்குப் பசி முடிஞ்சிடுச்சா? போயி படு."

புவனா செருகிய முடியை அவிழ்த்துவிட்டாள். வேலை உத்தரவு கைக்கு வரும் நாளில்கூட இவ்வளவு சந்தோஷமாக இருக்குமா என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தின் மேல் பழி போடவில்லை. போய் மகளுக்குப் பக்கத்தில் படுத்து, போர்வையை இழுத்துக்கொண்டாள்.