திருவான்மியூர் வளைவில் நடந்தது

சேகர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த மூன்றாம் நாள், நான் எங்கள் சபையில் எழுந்து நின்று ஆண்டவருக்கு நன்றி சொல்லிச் சாட்சி சொன்னேன். நான்கு நாள் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்ததற்கான நன்றி. எல்லோரும் கை தட்டினார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. சொல்லாமல் விட்டதுதான் பொய்.

இது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபது வயது. மந்தைவெளியில் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். சேகர் என்னைவிட ஒரு வயது மூத்தவன். அடையாறு ஆற்றோரக் குடியிருப்பில் அம்மாவோடு இருந்தான். அப்பா இல்லை. அவன் அம்மா அஞ்சலை நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்தார். சேகர் எங்கள் தெரு முனை சைக்கிள் கடையில் வேலை பார்த்தான். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில்தான் எங்களுக்குப் பழக்கம்.

விடிவதற்குள் சாந்தோமில் கிளம்பி மகாபலிபுரம் வரை மிதித்துவிட்டுத் திரும்புவோம். எதிர்க்காற்று அடித்தால் ஒருவன் முன்னால் போய்க் காற்றை வாங்கிக்கொள்ள வேண்டும், மற்றவன் அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரலாம். முறை மாற்றி மாற்றிப் போவதுதான் வழக்கம். ஆனால் பெரும்பாலும் முன்னால் போனவன் சேகர்தான்.

அந்த வருடம் பொங்கலுக்கு முந்தைய வாரம் அந்தப் பந்தயம் வந்தது. முதல் நாள் சென்னையிலிருந்து வேலூர். மறுநாள் திருவண்ணாமலை. மூன்றாம் நாள் பாண்டிச்சேரி. கடைசி நாள் அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரை. நான்கு நாள் நேரத்தையும் கூட்டி, யாருக்குக் குறைவோ அவன் ஜெயித்தவன். மாநில அணியில் ஓர் இடம் காலி இருந்தது. ஜெயிப்பவனுக்கு அந்த இடம் என்று பேச்சு. அணிக்குள் போய்விட்டால் சர்க்கார் வேலைக்கு வழி பிறக்கும். சேகருக்கும் அது வேண்டும். எனக்கும் வேண்டும்.

மூன்றாம் நாள் முடிவில் சேகர் முதலிடம். நான் எட்டு வினாடி பின்னால். அன்று சாயங்காலம் பாண்டிச்சேரியில் ஒரே அறையில் தங்கினோம். என் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, அவனே தேங்காய் எண்ணெய் போட்டு நீவிவிட்டான். "நாளைக்கு நீ ஜெயிச்சா இன்னா, நான் ஜெயிச்சா இன்னா மச்சி? ரெண்டும் மந்தவெளிக்குதான் வரும்" என்றான். நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. நீலாங்கரை தாண்டும்போது மற்றவர்கள் பின்தங்கிவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேர்தான். திருவான்மியூரில் பெசன்ட் நகர் பக்கம் திரும்பும் வளைவில் மணல் படிந்திருந்தது. நடுவர்களின் ஜீப் வளைவைத் தாண்டிப் போய்விட்டது. ஓரத்தில் ஜனம்கூட இல்லை. சேகர் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான். அவன் போய்விடுவான் என்று எனக்குத் தெரிந்தது. கையை நீட்டி, அவன் சட்டையின் முதுகுப் பையைப் பிடித்து இழுத்தேன். ஒரு நொடிதான்.

அவனை விழவைக்க நான் நினைக்கவில்லை. என்னை விட்டுப் போகக்கூடாது என்றுதான் நினைத்தேன். இதை நியாயமாகச் சொல்லவில்லை. உள்ளது அதுதான்.

சக்கரம் மணலில் வழுக்கியது. அந்தக் காலத்தில் எங்களுக்குத் தலைக்கவசம் என்றால் பஞ்சு வைத்துத் தைத்த தோல் பட்டைகள்தான். தலை ரோட்டில் அடித்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் நிற்கவில்லை. மிதித்துக்கொண்டே போனேன். கடற்கரையில் எனக்கு மாலை போட்டார்கள். சேகர் பள்ளத்தில் விட்டு விழுந்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். அதுவே எல்லோர் வாயிலும் நிலைத்துவிட்டது.

அன்று நான் செய்த ஜெபத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "ஆண்டவரே, யாரும் பார்த்திருக்கக் கூடாது." அதைத்தான் கேட்டேன். உண்மையிலேயே யாரும் பார்த்திருக்கவில்லை. அதை அவர் தந்த பதில் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து, கை தட்டல் காதில் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே அஞ்சலை அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து என் கன்னத்தைத் தொட்டார்.

"வா கண்ணு. நீ ஜெயிச்சிட்டியாமே. அவன் எந்திரிச்சா மொதல்ல அதத்தான் கேப்பான்."

அவர் மறுபடி தரையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கினே கீறேன். நீ உங்க சாமிகிட்ட கேளுப்பா. எந்த சாமியானா இன்னா, புள்ள கண்ணு தொறக்கணும்" என்றார்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் போய் நின்றேன். ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டேன். "ஆண்டவரே, நான்தான் இழுத்தேன்." அதற்கு முன் அதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. சொன்னதும் அழுகை வந்தது. "அவனைப் பிழைக்க வையும். நானே அவனிடம் சொல்லிவிடுகிறேன்."

மறுநாள் மத்தியானம் சேகர் கண் திறந்தான். தண்ணீர் கேட்டான். அம்மாவை அடையாளம் தெரிந்தது. டாக்டர் இனி பயமில்லை என்றார். நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். கட்டில் பக்கத்தில் போனேன். சேகர் மெதுவாகக் கேட்டான்.

"இன்னா ஆச்சி ஆல்பட்டு? எதுவுமே ஞாபகம் இல்லடா. பள்ளத்துல வுட்டனா?"

"ஆமா" என்றேன்.

ஆண்டவர் என் ஜெபத்துக்குப் பதில் தந்த ஒரு மணி நேரத்துக்குள் நான் என் வார்த்தையை மீறினேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போடுவேன். வாய் திறக்காது. எழுந்துவிடுவேன். யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, யாருக்கும் தெரியவும் போவதில்லை. அப்படியிருந்தும் என்னால் அதைச் சுமக்க முடியவில்லை.

புதன்கிழமை நாலு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். அஞ்சலை அம்மா ஒன்றை உரிக்க ஆரம்பித்தார். அவர் இருக்கும்போதே சொன்னேன்.

"சேகர், பள்ளம் இல்லடா. நான்தான் ஒன் சட்டையப் புடிச்சி இழுத்தேன்."

அவன் என்னையே பார்த்தான். "இன்னா சொல்ற?"

இரண்டாம் முறையும் சொன்னேன்.

"ஏன்டா?"

"நீ போயிடுவன்னு."

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "போய்டு ஆல்பட்டு" என்றான். அஞ்சலை அம்மா பாதி உரித்த ஆரஞ்சை அப்படியே என் கையில் திருப்பி வைத்தார்.

வீட்டில் சொன்னேன். அம்மா அழுதாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, எழுதிக் குடுத்துட்டு வரலாம்" என்றார். பந்தயம் நடத்தியவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "பையன்தான் பொழச்சிட்டானே தம்பி. யாரும் பாக்கல. எதுக்கு நீயா கெடுத்துக்கற?" என்று கேட்டார். அப்பா, "வாங்கிக்குங்க சார்" என்றார். இரண்டு வருடம் நான் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று முடிவானது. அணியில் இருந்த இடம் எனக்கு அடுத்து வந்த ஒரு கோயம்புத்தூர்ப் பையனுக்குப் போனது. பந்தயத்தை முடிக்காத சேகருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். ஆகவில்லை.

அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து இதையும் சொன்னேன். யாரும் கை தட்டவில்லை. பாஸ்டர், சேகர் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார்.

சேகர் தேறினான். வலது காது மட்டும் கேட்காமல் போனது. அவ்வப்போது தலை சுற்றும். கடைக்கு வேலைக்குப் போக ஆரம்பித்தான் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். தினமும் அவனுக்காக ஜெபித்தேன். அவன் உடம்புக்காகத்தான். மன்னிப்பான் என்றோ, மறுபடி பேசுவான் என்றோ கேட்க எனக்குத் துணிவு இல்லை.

சித்திரை வெயிலில் ஒரு நாள் அஞ்சலை அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அம்மா கொடுத்த மோரைக்கூட வாங்கவில்லை.

"ஊரான் சைக்கிளுக்கெல்லாம் ரிப்பேரு பண்றான். அவன் மட்டும் ஏற மாட்டேங்கிறான். ஏறினா கை ஒதறுது. யாரையும் கிட்ட வந்து புடிக்க வுடறதில்ல. யாரு புடிச்சாதான்டா ஏறுவேன்னு நேத்து கேட்டேன்." "ஒன் பேரச் சொன்னான். ஏன்னு எனக்குப் புரியல. வா."

மறுநாள் காலை பட்டினப்பாக்கம் கடற்கரைச் சாலையில் அவன் சைக்கிளோடு நின்றிருந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "சீட்டப் புடி" என்றான். பிடித்தேன். பத்தடி போனதும் உடம்பெல்லாம் நடுங்கியது அவனுக்கு. எனக்கும்தான்.

"வுட்றாத."

"வுட மாட்டேன்டா."

மூச்சிரைக்கக் கூடவே ஓடினேன். சாலைக் கோடிவரை போய்த் திரும்பினோம். இறங்கிய பிறகு கேட்டேன், ஏன் என்னைக் கூப்பிட்டாய் என்று. சேகர் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்கு எதுவும் தெரிஞ்சிருக்காது. சொன்ன இல்ல? கோவம் போகல ஆல்பட்டு. ஆனா நீ புடிச்சா பயம் இல்ல."

அவன் கோபம் போக இன்னும் ஒரு வருடம் ஆனது. பந்தயத்துக்கு அவன் திரும்பவே இல்லை. தடைக்காலம் முடிந்து நான் மறுபடி ஒரு பந்தயத்தில் இறங்கினேன். பதினேழாவதாக வந்தேன். அன்று என் சைக்கிளைப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தது சேகர்.

அவன் கண் திறக்க வேண்டும் என்று கேட்டேன், ஆண்டவர் தந்தார். நான் கேட்கவே துணியாத நண்பனையும் திருப்பித் தந்தார். நான் பேரம் பேசியதால் தந்தார் என்று நினைக்கவில்லை. பேரத்தில் நான் தோற்றவன். தோற்ற பிறகும் அவர் காத்திருந்தார். அதற்காகத்தான் இன்றும் அவரைத் துதிக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில், முழங்கால் போட்டும் வார்த்தை வராமல் எழுந்து போகிறவர் யாராவது இருக்கலாம். நானும் அப்படிப் போனவன்தான். மற்ற விண்ணப்பங்களை ஒதுக்கி வையுங்கள். வாயில் வராத அந்த ஒரு விஷயத்தை முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். அவர் அதிர்ச்சி அடையப் போவதில்லை. பிறகு, சொல்ல வேண்டிய மனிதரிடம் போய்ச் சொல்லுங்கள். கால் நடுங்கும். நடுங்கட்டும். போங்கள். ஆண்டவர் கூட வருவார்.