மூடிய லேப்டாப்பும் நின்றுபோன தேர்வும்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என் மனைவி கௌரியின் தேர்வை நானே நிறுத்திவிட்டேன். வேண்டுமென்று இல்லை. என் லேப்டாப்பை மூடினேன், அவ்வளவுதான்!

பன்னிரண்டு வருடம் கழித்து மறுபடி புத்தகத்தைக் கையில் எடுத்திருக்கிறாள் கௌரி. அரசு வேலைக்கான தேர்வு. காஞ்சிபுரத்தில் ஒரு இலவசப் பயிற்சி மையம் ஞாயிறுதோறும் ஆன்லைனில் மாதிரித் தேர்வு வைக்கிறது. இரண்டு தேர்வைத் தவறவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். வயது வரம்பைப் பார்த்தால் இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

அவளுக்கு ஹாலில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்க் மண்டையைப் போட்டுவிட்டது. "புதுசு வாங்கிடலாங்க" என்றாள். நான் விடுவேனா? விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுகிற இலவச லினக்ஸை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினேன். ஜம்மென்று ஓடியது.

ஒரே வாரம்தான்... எங்கள் உத்திரமேரூரில் பென்டிரைவ் என்றால் ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருகிற பொருள். கௌரியும் சனிக்கிழமை அதைப் பிடுங்கிக்கொண்டு பிரின்ட் எடுக்கப் போயிருக்கிறாள். கடைக்காரரின் விண்டோஸுக்கு அது புரியவில்லை. 'ஃபார்மட் செய்யட்டுமா?' என்று கேட்டிருக்கிறது. அவரும் சரி என்று அமுக்கிவிட்டார்.

"வைரஸ் கீதுன்னு நெனச்சிட்டேன் சார்" என்றார் பிறகு என்னிடம், பாவம்.

மறுநாள் காலை பென்டிரைவில் ஒன்றுமில்லை. என் லேப்டாப்பில் வைத்து மறுபடி ஏற்ற ஆரம்பித்தேன். "இதோ ஆச்சு... இதோ ஆச்சு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் தேர்வு நேரம் முடிந்துவிட்டது. ஒன்று போயிற்று.

இனிமேல் பென்டிரைவே வேண்டாம் என்று முடிவு கட்டினேன். நெட்வொர்க் பூட்! பயப்படாதீர்கள். ஹால் கம்ப்யூட்டர், என் அறையில் இருக்கும் லேப்டாப்பிலிருந்து கேபிள் வழியாக லினக்ஸை வாங்கிக்கொண்டு ஓடும். பிடுங்கவும் எதுவுமில்லை, ஃபார்மட் பண்ணவும் எதுவுமில்லை. மூன்று நாள் மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் ஓடியது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஞாயிறு வந்தது. கௌரி தேர்வுக்கு உட்கார்ந்தாள். நான் இட்லி வாங்கக் கிளம்பினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரைஸ் மில். தவிட்டுத் தூசு எதையும் விட்டுவைக்காது. அதனால் அறையை விட்டு வெளியே வந்தாலே லேப்டாப்பை மூடிவிடுவது என் பழக்கம். அன்றும் மூடினேன். லேப்டாப் தூங்கியது. ஹாலில் அவள் திரை அப்படியே நின்றுவிட்டது.

இட்லியோடு திரும்பினால், மொபைலை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் பதில் தட்டிக்கொண்டிருந்தாள். விஷயம் புரிந்து, "இதோ ஆச்சு" என்று அறைக்கு ஓடப்போனேன். நிமிராமலே கையை உயர்த்தினாள். பேசாதே என்று அர்த்தம்.

கடைசிக் கேள்வி வரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"இன்னாங்க, உங்க லேப்டாப் முழிச்சிக்கினு கீதான்னு பாத்துக்கினேதான் நான் படிக்கணுமா? அந்தப் பென்டிரைவையே போட்டுக் குடுங்க. என்னுது என் கையிலயே இருக்கட்டும்."

"மறுபடி ஜெராக்ஸ் கடைக்குப் போயிட்டா?"

"அது நான் பண்ண தப்பு. இனிமே பண்ண மாட்டேன். நீங்க மூட மாட்டேன்னு சொல்லுங்க, பாக்கலாம்?"

தானாக மூடிவிடுகிற என் கையைப் பற்றி எனக்குத் தெரியாதா?

வீட்டில் நாம் செய்கிற உதவிகள் பலவும் இந்த லட்சணம்தான் — செய்துகொடுத்துவிட்டு சுவிட்சை மட்டும் நம்மிடமே வைத்துக்கொள்வோம். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

இப்போது ஹால் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஒரு பென்டிரைவ், யாரும் பிடுங்க முடியாதபடி கறுப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. சுற்றியவள் கௌரி. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வர வேறொன்று.

நேற்று தூசு அதிகம். லேப்டாப்பை மூடிவிட்டு ஹாலை எட்டிப்பார்த்தேன்... அவள் கீபோர்டு சத்தம் நிற்கவே இல்லை!