பொட்டு வைத்த நட்டுகள்

மோட்டார் விற்கிறவர்களுக்கு இரண்டு முகம் உண்டு. நாம் வண்டி வாங்கப் போகிறபோது காட்டுவது ஒன்று. வாங்கிய வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டு போகிறபோது காட்டுவது இன்னொன்று. மதுரை ரயிலடிக்குப் பக்கத்திலிருந்த அந்த மோட்டார் கம்பெனியின் முதல் முகம் எனக்கு நாற்காலி போட்டு, கோலி சோடா உடைத்துக் கொடுத்து, "உங்களை மாதிரி வக்கீல் ஜட்காவுல கோர்ட்டுக்கு வந்தா கட்சிக்காரன் என்ன சார் நினைப்பான்?" என்று கேட்டது. நான் ஊராரையெல்லாம் குறுக்கு விசாரணை செய்கிறவன். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் ஒரு பழைய அமெரிக்கக் காரை வாங்கிவிட்டேன்.

இது முப்பதுகளின் நடுவில். காரோடு ஒரு டிரைவரையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளத் துணிச்சலும் கிடையாது. வந்தவன் என் வயதுக்காரன், திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம். அவன் குடும்பத்தில் யாருக்கும் ஒரு குழி நிலம் இருந்ததில்லை. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் காட்டில் பருத்தி எடுத்தவர்கள். இவன் ஒரு துரையின் காரைக் கழுவப் போய், அப்படியே ஓட்டவும் கற்று, போலீஸ் அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கியிருந்தான். மற்றவர்கள் நிலப்பத்திரத்தை வைப்பது போல அதை ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தான். வண்டி எடுக்கிற அன்று மட்டும் அது துணியில் சுற்றி அவன் மடிக்கு வரும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் அவன் மறுபடியும் பருத்திக் காட்டுக்குத்தான் போக வேண்டும். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வருஷம் நவராத்திரி சமயத்தில் காரின் பிரேக் கெட்டுப்போனது. மிதித்தால் வண்டி உடனே நிற்காது. சற்று யோசித்து, அப்புறம் நிற்கும். கம்பெனியில் விட்டோம். நாலு சக்கரத்தையும் கழற்றி வேலை செய்ய வேண்டும், விஜயதசமியன்று காலையில் நல்ல நேரத்துக்குள் வண்டி வாசலில் நிற்கும் என்றார் மானேஜர். கழுத்து வரை பொத்தான் போட்ட கோட்டு, சரிகைத் தலைப்பாகை, நெற்றி நிறைய விபூதி. அவரைப் பார்த்தாலே கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரன்கூட வழக்கை விட்டு ராஜிக்கு வந்துவிடுவான்.

சொன்னபடி விஜயதசமியன்று காலையில் நானும் டிரைவரும் போனோம். முதல் நாள் ஆயுத பூஜை தடபுடலாக நடந்திருந்தது. என் காருக்குச் சாமந்தி மாலை, முகப்பில் வாழைக்கன்று. சக்கரத்துக்குச் சக்கரம், நட்டுக்கு நட்டு சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அவ்வளவு பொட்டு வைத்து நான் பார்த்ததில்லை. மானேஜர் என்னை உள்ளே கூப்பிட்டுச் சுண்டலும் காப்பியும் கொடுத்தார். வெளியே வந்ததும் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி கிளம்பியது. வீட்டில் ஆரத்தி எடுத்தார்கள். அரை மணி நேரம் வண்டி வாசலில் நின்றது, நான் சாப்பிட்டேன். பிறகு திருமங்கலத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டோம். தங்கையைப் பார்க்க என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் புருஷனுக்கு என் காரைக் காட்டத்தான்.

திருப்பரங்குன்றம் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்போம். எங்களுக்கு இடது பக்கமாக ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு உருண்டு போனது. "யாரோட சக்கரம்டா அது, இம்புட்டு வேகமாப் போவுது?" என்று கேட்டேன். "நம்மதுதான்யா" என்றான் டிரைவர். அவன் சொல்லி முடிப்பதற்குள் வண்டி இடது பக்கம் சாய்ந்து, தரையை உழுதுகொண்டு போய் நின்றது. அவன் பதறாமல் ஓரத்துக்கு ஒடித்திருக்காவிட்டால் எதிரே வந்த பார வண்டியில் மோதி, இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். சக்கரம் மட்டும் நிற்கவில்லை. சாலையோரத்துக் காப்பிக் கடைக்குள் புகுந்து, காய்ச்சி இறக்கி வைத்திருந்த பால் குண்டானைக் கவிழ்த்துவிட்டுப் பெஞ்சுக்கடியில் படுத்துக்கொண்டது. காரின் அச்சு வளைந்தது, மட்கார்டு நசுங்கியது. மனிதர் யாருக்கும் அடியில்லை. ஆனாலும் பால் போன கடைக்காரர் போட்ட கூச்சலில் போலீஸ் ஏட்டு வந்துவிட்டார். கண்மண் தெரியாமல் ஓட்டியதாக எழுதிக்கொண்டு, டிரைவரிடமிருந்து லைசென்ஸை வாங்கிக்கொண்டார். விசாரணையில் இவன் மேல் தப்பு என்று முடிந்தால் லைசென்ஸ் ரத்து என்றும் சொன்னார். டிரைவர் அந்தத் துணியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

காரின் முன் பக்கத்தை ஒரு கட்டை வண்டியில் ஏற்றிக் கட்டி, மாடுகளை விட்டு இழுத்து, என் வீட்டு வாசலில் கொண்டுவந்து போட்டோம். எட்டாயிரம் மைல் கப்பலில் வந்த வண்டி, எட்டு மாட்டுக் காலை நம்பி மதுரைக்குள் நுழைந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. கம்பெனிக்கு ஆள் அனுப்பினேன். முதல் நாள் மானேஜர் இல்லை. இரண்டாம் நாள் இருந்தார், ஆனால் குளித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளும் குளித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு சுத்தமான மனிதரை நான் பார்த்ததில்லை. கடைசியில், வழக்குப் போடுவேன் என்று சொல்லி அனுப்பியதும் ஈரம் காய்ந்து நேரில் வந்தார்.

வந்தவர் காரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "சார், அன்னிக்குக் காலைல எங்க மேஸ்திரி இருபது நட்டையும் ஸ்பானர் போட்டு இறுக்கித்தான் குடுத்தாரு. உங்க வாசல்ல அரை மணி நேரம் வண்டி நின்னுச்சாம்ல? உங்க ஆளு பஞ்சர்னு எதையாச்சும் கழட்டிட்டுச் சரியா மாட்டாம விட்டிருப்பான். நீங்க படிச்சவுக, உங்களுக்கு நான் சொல்லணுமா? காட்டு வேலை பாத்த சனம், நேத்து வந்து மோட்டார் பிடிச்சுது" என்றார்.

டிரைவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் தொடவே இல்லைய்யா. நீங்க உள்ள காப்பி குடிச்சிட்டு இருந்தப்ப, நட்டை ஒருதடவை முறுக்கிப் பாக்கணும், ஸ்பானர் குடுங்கன்னு கேட்டேன். பூசைல இருக்கு, தொடக் கூடாதுன்னுட்டாக" என்றான். மானேஜர் சிரித்தார். "கேட்டானாம்!" என்றார்.

ஒரு பக்கம் கோட்டு, தலைப்பாகை, விபூதி. இன்னொரு பக்கம் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிற ஒருவன். நான் டிரைவர் பக்கம்தான் என்று வாய் பேசியது. மனசு அப்படிப் பேசவில்லை. மானேஜர் போன பிறகு அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உள்ளதைச் சொல்லிரு, நான் காப்பாத்துறேன்" என்றேன். "சொன்னதுதான்யா" என்றான். மறுநாளும் ஒருமுறை கேட்டேன். மறுநாளும் அதையே சொன்னான். வக்கீலுக்கு ஒரே பதில் இரண்டு தரம் வந்தால் சந்தேகம் கூடும்; பாடம் பண்ணியிருக்கிறானோ என்று தோன்றும். எங்கள் தொழில் செய்கிற கைங்கரியம் அது.

அடுத்த நாள் வாசல் தெளிக்கப் போன என் மனைவி உள்ளே வந்து, "வண்டிக்கு வச்ச பொட்டு, மத்த மூணு சக்கரத்துலயும் அப்படியே வட்டமா இருக்கே. நான் நெத்தியில வச்சா பொழுது சாயறதுக்குள்ள கலைஞ்சிருது. கம்பெனிச் சந்தனம் என்ன சந்தனமோ, கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் 'ம்' என்றேன். இரண்டு வரி படித்திருப்பேன். பேப்பரைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன்.

பதினைந்து நட்டிலும் பதினைந்து பொட்டு. காய்ந்து, லேசாக வெடித்து, ஆனால் ஒன்றுகூடக் கீறலில்லாமல் இருந்தது. பொட்டு வைத்தது ஆயுத பூஜையன்று. மறுநாள் காலையில் ஸ்பானரை மாட்டித் திருகியிருந்தால் சந்தனம் நட்டில் இருக்குமா, ஸ்பானரில் இருக்குமா? இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று, கோர்ட்டில் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு அந்தப் பக்கம் வேலையில்லை என்பது சௌகரியமாக இருந்தது.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது, ஐப்பசி மழை. சாட்சி கரைந்துவிடக் கூடாதே என்று சக்கரங்களுக்கு மேல் ஓலைத் தட்டிகளைச் சாய்த்து வைத்தேன். டிரைவரையே பக்கத்தில் நிறுத்தி, ஆடு மாடு உரசாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு மானேஜரையும் மேஸ்திரியையும் கையோடு கூட்டிவர ஆள் அனுப்பினேன். ராஜியாகப் போகலாம் என்று சொல்லச் சொன்னேன். அந்தச் சொல்லுக்கு மானேஜர் குளிக்காமலே வந்தார்.

"இருபது நட்டையும் விஜயதசமி காலையில் இறுக்கினீர்கள்?"

"ஒண்ணு விடாம, சார்" என்றார் மானேஜர்.

"ஸ்பானர் போட்டு?"

"பின்ன பல்லால கடிச்சா இறுக்குவாக?"

நான் தட்டியை எடுத்தேன். மானேஜர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார். மறுபடி குனிந்தார். "பொட்டு உங்க வீட்டுல வச்சதா இருக்கும்" என்றார். அதற்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வயதான மேஸ்திரிக்குப் பொறுக்கவில்லை. "நம்ம பூசாரி வச்சதுதானே முதலாளி, நட்டுக்கு நட்டு நான்தானே கிண்ணத்தைப் பிடிச்சேன்" என்றார். "அன்னிக்கு மூணு சக்கரம் முறுக்கி முடிச்சேன். நாலாவதைக் கையால மாட்டிட்டு ஸ்பானரை எடுக்கப் போனேன். சூடம் ஏத்தியாச்சு, ஆயுதத்தை எல்லாம் கொண்டா கொண்டான்னு நீங்கதானே சத்தம் போட்டீக?"

"மறுநாள் காலைல முறுக்கியிருக்கலாம்ல?" என்றார் மானேஜர் பல்லைக் கடித்துக்கொண்டு.

"பூசைல வச்சதை, மறு பூசை போடாம எடுக்கிறதா? அம்புட்டுப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவ? பூசாரி வந்து எடுத்துக் குடுக்கையில உச்சிப்பொழுது. வண்டி காலைலயே போயிருச்சு. இந்தா நிக்கிறாரே டிரைவரு, இவருகூட ஸ்பானர் கேட்டாரு. தொடக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்."

சரஸ்வதிக்குச் செய்த மரியாதையில் நாங்கள் இரண்டு பேர் பரலோகம் போயிருப்போம். ஆனால் அந்தக் கிழவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் தன் சாமிக்கு உண்மையாக இருந்தார், கேட்டதற்கு உண்மையும் சொன்னார். மானேஜர் இரண்டுமில்லை. எலுமிச்சம்பழம் இடது சக்கரத்தில் சரியாக நசுங்கவில்லை, திருஷ்டி கழியவில்லை என்று கொஞ்ச நேரம் வாதாடினார். அதுவும் எடுபடாமல் போகவே, அச்சு, மட்கார்டு எல்லாம் இனாமாகச் செய்து, பெயிண்டும் அடித்துத் தருவதாகச் சொன்னார். கடைக்காரரின் பாலுக்கும் பொறுப்பேற்றார். தப்பு தங்களுடையது என்று எழுதிக் கொடுக்க மட்டும் மாட்டேன் என்றார். கம்பெனியின் பெயர் என்னாவது?

எழுதாமல் வண்டி வேண்டாம் என்றேன். அது நான் செய்த ஒரே நல்ல காரியம். இரண்டு நாள் முரண்டு பிடித்துவிட்டு, இங்கிலீஷில் ஒரு கடிதம் அனுப்பினார். 'மேற்படி தினத்தில் மேற்படி நட்டுகள் வழிபாட்டில் இருந்தனவேயன்றி இறுக்கத்தில் இருக்கவில்லை. இதில் டிரைவருக்குச் சம்பந்தமில்லை' என்பது அதன் சாரம். போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அதை மூன்று தரம் படித்தார். ஏட்டையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்தோம். பழுது பார்த்து முடித்த காரைக் கம்பெனி ஆள் ஓட்டிவந்து ஸ்டேஷன் வாசலில் விட்டுப் போயிருந்தான். டிரைவர் லைசென்ஸைப் பிரித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். சந்தோஷப்படுவான், என்னைக் கும்பிடுவான் என்று நான் காத்திருந்தேன். ஜெயித்த வக்கீலுக்கு அந்த ஆசை இருக்கும். அவன் கார்க் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றான்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அன்னிக்கு மழை முந்திக்கிட்டு, அந்தப் பொட்டு எல்லாம் கரைஞ்சிருந்தா, நீங்க யாரை நம்பியிருப்பீக?"

கோபமாகக் கேட்கவில்லை. வழி கேட்பது போலத்தான் கேட்டான்.

"உன்னைத்தான்" என்றேன். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னேன். கோர்ட்டில் எத்தனையோ பொய்யை முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன். அன்று என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரிங்கய்யா" என்று சொல்லி, நான் ஏறியதும் கதவைச் சாத்தினான். வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, நாலு சக்கரத்தையும் ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தான். அவன் முடிக்கிற வரைக்கும் நான் உள்ளே உட்கார்ந்து நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.