ஒரு தட்டு என்றால் நிறுத்து

இதை யாரிடம் சொன்னாலும் முதலில் கேட்பது, "என்ன சரக்கு?" என்றுதான். புதுச்சேரிக்காரன் சொன்னால் அப்படித்தான் கேட்பார்கள். நான் குடிப்பதில்லை. அதனாலேயே எனக்குச் சிநேகிதர்கள் குறைவு. இங்கே எழுதியிருப்பது அத்தனையும் போன புரட்டாசியிலிருந்து கார்த்திகைவரை எனக்கு நடந்தது. நேரங்களை டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் கடிகாரத்தில் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வண்டி இன்னும் என் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து பார்க்கலாம். பகலில் வாருங்கள்.

என் பெயர் கலைவாணன். வயது நாற்பத்தெட்டு. தவளக்குப்பத்தில் தனியாக இருக்கிறேன். மனைவி சந்திரகலா லாஸ்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. என் வாய் அப்படி. தப்பு என்மேல்தான். அதைச் சொல்லலாம் என்றால் அவள் போனை எடுப்பதில்லை. சில நாள் காலையிலிருந்து ராத்திரிவரை என்னிடம் ஒருவரும் பேசாமலே பொழுது போய்விடும். டீக்கடையில் கிளாஸைக் காட்டினாலே டீ வந்துவிடுகிறது, அங்கேயும் பேச்சுக்கு வேலை இல்லை.

தொழில், மீன் லோடு அடிப்பது. விடியற்காலை மூன்றரைக்குக் காலிப் பெட்டிகளோடு கிளம்பி, நோணாங்குப்பம், அரியாங்குப்பம் வழியாகத் தேங்காய்த்திட்டு துறைமுகம் போய், மீன் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போவேன். வண்டி, பதினெட்டு வருஷத்துப் பழைய பிக்கப். ஆடி மாதம் வில்லியனூரில் கலியபெருமாள் என்ற பெரியவரிடம் வாங்கினேன்.

"பதினோரு வருஷமா ராத்திரில எடுத்ததே இல்ல. பகல் ஓட்டம் மட்டுந்தான்" என்று சொல்லி அவர் சாவியைக் கொடுத்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வண்டி தேய்ந்திருக்காது என்றுதான் கணக்குப் போட்டேன். ஏன் எடுக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

வண்டியில் மூன்று குறைகள். கேபினுக்குப் பின்னால் கண்ணாடி கிடையாது, கம்பி வலை அடித்திருந்தது. பின்கதவின் கொக்கி இறுகிப்போயிருந்தது, கதவை இரண்டு கையால் தூக்கி முழங்காலால் ஒரு இடி இடித்தால்தான் மூடும். மூன்றாவது ஹெட்லைட். மஞ்சளாக, அழுது வடியும். பத்தடிக்கு அப்பால் ரோடு இருக்கிறது என்பதே ஒரு நம்பிக்கைதான்.

அந்த லைட்டில்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

நோணாங்குப்பத்தில் படகுத்துறைப் பலகையைத் தாண்டினால் தெருவிளக்கு எரியாத ஒரு இடம் வரும். புரட்டாசி கடைசியில் ஒரு நாள், மணி 3.37. வெளிச்சத்தின் இடது ஓரத்தில் ஒரு அம்மா நின்று கையைக் காட்டினார். இடுப்பில் அலுமினிய அன்னக்கூடை. துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கப் போகிறவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. அப்படிப்பட்டவர்களை ஏற்றிக்கொள்வது மீன் வண்டிகளின் வழக்கம். நிறுத்தினேன். பின்னால் ஏறிக்கொண்டார். கேபின் தகரத்தில் இரண்டு தட்டு.

டங்... டங்.

வண்டியில் பின்னால் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இரண்டு தட்டு என்றால் போகலாம். ஒரு தட்டு என்றால் நிறுத்து.

அரியாங்குப்பம் தாண்டும்போது வலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ராத்திரி சாப்ட்டியா தம்பி?"

என்னிடம் ஒருவர் இதைக் கேட்டு எத்தனை நாள் ஆகியிருந்தது என்று எனக்கே தெரியவில்லை. "சாப்ட்டேன்க்கா" என்று பொய் சொன்னேன்.

துறைமுகத்துக்குத் திரும்பும் முனையில் ஒரு தட்டு. மணி 3.51. நிறுத்தி, அவர் இறங்குவதற்குப் பத்து எண்ணிவிட்டுக் கிளம்பினேன்.

அதிலிருந்து தினமும் இதுதான். 3.37க்கு ஏறுவார். 3.51க்கு ஒரு தட்டு. அவர் பெயரையோ ஊரையோ நான் கேட்கவில்லை. தொழிலுக்குக் கிளம்புகிற ஆளை நிறுத்தி, எங்கே போகிறாய், எங்கிருந்து வருகிறாய் என்று கேட்டால் போன காரியம் விளங்காது என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். எந்த வண்டிக்காரனும் கேட்க மாட்டான். அந்த ஒரு கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சின்னச் சின்னதாகச் சில விஷயங்கள் உறுத்தத்தான் செய்தன. என் வண்டியில் ஒரு பெட்டி ஏற்றினாலே அடியில் ஸ்பிரிங் பட்டை கிரீச்சிடும். அவர் ஏறும்போது சத்தமே வராது. ஐப்பசியில் கொட்டுகிற மழையில் நின்றிருந்தார், சேலை நனையவில்லை. இடது கையில் பச்சைக் கண்ணாடி வளையல் நிறைய இருந்தது. என்னை நிறுத்தக் காட்டுகிற வலது கையில் ஒன்றுகூட இல்லை. துறைமுகத்தில் பார்த்தால் வலையை ஒட்டி ஒரு பெட்டி மட்டும் உட்காருவதற்குத் தோதாகக் கவிழ்த்துப் போட்டிருக்கும். நான் நிமிர்த்தி வைப்பேன்.

உறுத்தியதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், எடுத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. அந்தப் பதினாலு நிமிஷம் மட்டும்தான் எனக்கு நாளாக இருந்தது. சாப்பிட்டேனா என்பார், இருமினால் கஷாயம் போட்டுக் குடி என்பார். கடைசியில் தவறாமல் ஒன்று சொல்வார்.

"இந்த லைட்ட மாத்துப்பா. ஆளே தெரியல."

"மாத்தலாம்க்கா" என்பேன்.

கார்த்திகை பிறந்ததும் மாற்றினேன். கதிர்காமத்தில் விமல்ராஜ் என்று ஒரு எலக்ட்ரீசியன். வண்டியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டான்.

"பல்பு மட்டும் மாத்துனா வேலைக்கு ஆவாதுண்ணே. உள்ள ரிப்ளெக்டரே செத்துப்போச்சு. கரண்டும் சுவிட்சு வழியா போயிப் போயி பாதியிலயே கொறஞ்சிடுது. ரெண்டு பக்கமும் புது செட்டு, எல்இடி, தனியா ரிலே. போட்டுடலாமா?"

"போடு."

"இடது பக்கம் கண்ணாடி மட்டும் புதுசா கீதே, எங்கனா இடிச்சியா?"

"நான் வாங்கும்போதே அப்படித்தான்."

சாயங்காலம் வேலை முடிந்தது. சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, எதிரே வருகிறவன் கண் கூசாத அளவுக்கு இறக்கி வைத்தான். வெள்ளை வெளிச்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. நாளைக்கு அக்காவிடம் காட்ட வேண்டும் என்று மனசு பரபரத்தது. நாற்பத்தெட்டு வயதில் லைட்டைக் காட்ட ஒருத்தரைத் தேடுகிற நிலைமை, பாருங்கள். ராத்திரி பெட்டிகளை எல்லாம் கழுவி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பின்கதவை இடித்து மூடினேன்.

மறுநாள் 3.34க்கே அந்த இடத்துக்குப் போய்விட்டேன்.

ரோடு பகல் மாதிரி இருந்தது. ஓரத்துப் புல், கிலோமீட்டர் கல், கிழிந்த பிளாஸ்டிக் பை... எல்லாம் தெரிந்தது.

அவர் மட்டும் இல்லை.

சீக்கிரம் வந்துவிட்டோம் என்று காத்திருந்தேன். 3.36. இன்ஜினை நிறுத்தினேன். காற்று இல்லை. தவளைச் சத்தம்கூட இல்லை.

3.37.

கண் கொட்டாமல் இடது ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை.

அப்போது... எனக்குப் பின்னால்...

டங்... டங்.

என் கை ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டது.

பட்டை கிரீச்சிடவில்லை. காலடிச் சத்தம் இல்லை. யாரும் ஏறவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டே இருந்தேனே...

"அக்கா?"



திரும்பி வலை வழியாகப் பார்த்தேன். இருட்டு. பெட்டிகளின் நிழல்.

இரண்டு தட்டு. போகலாம் என்று அர்த்தம்.

போனேன். வேறு என்ன செய்வது?

அரியாங்குப்பம் வந்தது. பேச்சு இல்லை. "ராத்திரி சாப்ட்டேன்க்கா" என்று நானே சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்டது.

"லைட்டு மாத்திட்டேன்க்கா... பாத்தீங்களா?"

ஒன்றும் இல்லை.

3.50. முனை வந்தது. காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டேன்.

3.51.

தட்டு வரவில்லை.

3.52... 3.53...

வரவே இல்லை.

துறைமுகத்தில் விளக்குக்கு அடியில் நிறுத்திவிட்டு இறங்கிப் போய்ப் பார்த்தேன். அடுக்கியிருந்த பெட்டிகளில் ஒன்று கீழே இறங்கி, வலையை ஒட்டிக் கவிழ்ந்திருந்தது.

உட்காருவதற்குத் தோதாக.

மூன்று நாள் காய்ச்சல். நான்காவது நாள் போனேன். அதற்கப்புறம் பத்து நாள் போனேன். 3.37க்கு அந்த இடத்தில் நின்று பார்த்தேன். அவர் இல்லை. தட்டும் இல்லை. ஒரு நாள் லைட்டை அணைத்துவிட்டு இருட்டில்கூட உட்கார்ந்திருந்தேன். பயம் குறைந்துபோய் வேறொன்று வந்திருந்தது. அந்த மஞ்சள் லைட்டே இருந்திருக்கலாம் என்ற எண்ணம். ஒரு மனுஷி பேசிக்கொண்டிருந்தார், வெளிச்சம் போட்டு விரட்டிவிட்டேன் என்று தோன்றியது. விமல்ராஜிடம் போய்ப் பழைய லைட்டையே திரும்ப மாட்டச் சொன்னேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மூலையிலிருந்து, பழைய லைட்டைப் போட்டு வைத்திருந்த சாக்குப் பையை எடுத்து வந்தான். கூடவே ஒரு பேப்பர் பொட்டலம்.

"குடுக்கணும்னு வச்சிருந்தேண்ணே. இடது லைட்டக் கழட்டும்போது பின்னாடி சந்துல இருந்துச்சு. அந்தப் பக்கத் தகரமே வளைஞ்சு, தட்டி நிமித்தியிருக்காங்க."

பிரித்துப் பார்த்தேன். பச்சை வளையல் துண்டுகள்.

அன்றைக்கு மத்தியானமே வில்லியனூர் போனேன். கலியபெருமாள் வாசலில் நாற்காலியில் இருந்தார். பொட்டலத்தை அவர் மடியில் பிரித்து வைத்தேன். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் அவராகவே பேசினார்.

"பதினோரு வருஷம் முன்ன, ஒரு அம்மா நோணாங்குப்பத்துல கைகாட்டிச்சுப்பா. மங்கல் லைட்டு. பக்கத்துல வந்தப்புறந்தான் ஆளு நிக்கறதே தெரிஞ்சுது. இடது பக்கமா இடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"ஓடிப்போயிடல. நானே தூக்கிப் பின்னாடி படுக்க வச்சேன். ஆஸ்பத்திரிக்கு அடிச்சு ஓட்டினேன். வலை வழியா பேசிக்கினே வந்துச்சு. ஏம்பா, லைட்ட மாத்துப்பா, ஆளே தெரியலன்னுச்சு. இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லிச்சு."

துண்டுகளை ஒவ்வொன்றாகப் பேப்பரில் ஒதுக்கினார்.

"துறைமுகத்து முனைகிட்ட... ஒரு தட்டு தட்டிச்சு. நிறுத்தச் சொல்லுதுன்னு நிறுத்தினேன். எறங்கிப் போய்ப் பாத்தேன்."

பொட்டலத்தை மடித்து என்னிடமே நீட்டினார்.

"முடிஞ்சிருச்சு. வாச்சப் பாத்தேன். மூணு அம்பத்தொண்ணு."

போலீஸ், கோர்ட்டு எல்லாம் பார்த்துவிட்டதாகச் சொன்னார். உடைந்த இடது கண்ணாடியை மட்டும் மாற்றினாராம். லைட்டை மாற்றவில்லை. மாற்றினால் மறுபடியும் ராத்திரியில் ஓட்ட வேண்டிவரும் என்று பயமாம்.

நான் பழைய லைட்டை மாட்டவில்லை. அந்தச் சாக்குப் பை விமல்ராஜ் கடையிலேயே கிடக்கிறது.

இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். புது லைட்டு போட்ட அன்றைக்கு இரண்டு தட்டு கேட்டது. ஒரு தட்டு இன்றுவரை கேட்கவில்லை.

அவர் இறங்கவில்லை.

இப்போதெல்லாம் ராத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியதும் பின்கதவை நானே திறந்து, நன்றாகத் தொங்கவிட்டுவிட்டு வருகிறேன். போக நினைத்தால் போகட்டும் என்று.

இறுகிய கொக்கி. இரண்டு கையால் தூக்கி, முழங்காலால் இடித்தால்தான் மூடும்.

காலையில் மூடியிருக்கிறது.