சுவரில் தொங்கிய கட்டைகள்

ஈரச் சிமெண்டுத் தரையில் ரப்பர் மாட்டிய கட்டையை ஊன்றி எடுக்கும்போது ‘பிச்’சென்று ஒரு சத்தம் வரும், குற்றாலத்துச் சாரல் தென்காசிவரை எட்டி எங்கள் முன்வாசலை நனைத்துக்கொண்டிருந்த அந்த ஆடி மாதத்தில், வீட்டுக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்பதை அம்மா அந்தச் சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்வாள். அக்குளில் வைத்து ஊன்றுகிற ஒரு ஜோடி மரக்கட்டைகள். ஆஸ்பத்திரியில் அதற்கு என்னவோ பெயர் சொன்னார்கள், எங்கள் வீட்டில் வெறும் "கட்டை"தான். நான்காம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் உயரத்துக்கு அடியை அறுத்து, அக்குள் வலிக்காமலிருக்க மேலே தன் பழைய சேலையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள் அம்மா.

புளியறையிலிருந்து பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்த அப்பாவின் லோடு ஆட்டோ, எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கப்போய் ஓடையில் கவிழ்ந்ததில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. அப்பாவுக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. மாவுக்கட்டைப் பிரித்த அன்று டாக்டர், "நான் சொல்லுத வரைக்கும் இந்தக் கால்ல பாரம் போடப்பிடாது, கட்டைய விடவே பிடாது" என்று கண்டித்துச் சொல்லி அனுப்பினார். அப்பா தலையை ஆட்டினாரே தவிர, அவர் மனது அதற்குள் வேறெங்கோ போயிருந்தது.

குற்றாலம் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபக்கூடம் அப்போது இருந்தது. வெளியூரிலிருந்து வரும் ஊழியக்காரர் ஒருவர் வெள்ளிதோறும் அங்கே சுகமளிக்கும் கூட்டம் நடத்துவார். அந்தக் கூடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. சுகம் பெற்றவர்கள் மேடையேறி "சாட்சி" சொல்லவேண்டும். சொன்ன கையோடு, அதுவரை பயன்படுத்தியதை மேடைக்குப் பின்சுவரில் அடித்திருக்கும் ஆணியில் மாட்டிவிட்டுப் போகவேண்டும். ஊன்றுகம்புகள், இடுப்பு பெல்ட்டுகள், கழுத்துப் பட்டைகள் எல்லாம் அங்கே தொங்கும். மூக்குக்கண்ணாடிகள்கூட உண்டு, அவற்றை மாட்டிவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் வழியில் வாய்க்காலுக்குள் இறங்கினார்களோ, அதை யாரும் சாட்சி சொன்னதில்லை.

அம்மாவுக்குக் காய்ச்சலாயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு அங்கே போனார். ஊழியக்காரர் என் நெற்றியில் எண்ணெய் பூசி, உரக்க ஜெபித்து, "கட்டைய விடு பாப்பா, விசுவாசத்தோட காலை எடுத்து வை" என்றார். நான் விடவில்லை. இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டார்கள். கூட்டமெல்லாம் கைதட்டியது, முன்வரிசையில் அப்பா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுவதைப் பார்த்துத்தான் நான் நடந்தேன். மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். திரும்பிப் பார்க்கும்போது அம்மாவின் சேலைத்துணி சுற்றிய என் கட்டைகள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு வீட்டில் "வலிக்கு" என்ற வார்த்தைக்கே தடை. ஜெபக்கூடத்திலிருந்து பெண்கள் விசாரிக்க வருவார்கள். நான் முகம் சுளித்தால் போதும், "ஏட்டி, வலிக்குன்னு வாயால அறிக்கை பண்ணாத, வந்த சுகம் போயிரும்" என்பார்கள். வாசல்வரை போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டே, "பிள்ளைக்கு விசுவாசம் பத்தல" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையைப் பார்த்து! முறிந்த எலும்பின் குற்றத்தையும் அந்தப் பிள்ளையின் தலையிலேயே ஏற்றிவிட்டுப் போக எப்படி மனம் வந்தது? இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

காய்ச்சல் விட்டு எழுந்த அம்மா என்னைக் குளிப்பாட்டும்போது காலைப் பார்த்தாள். கெண்டைக்கால் வீங்கிக் கன்றிப்போயிருந்தது. ஈரச் சேலையோடு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஜெபக்கூடத்துக்கு ஆட்டோ பிடித்தாள். அப்பா, "கொடுத்தத திருப்பிக் கேட்டா ஆண்டவரயே சந்தேகப்படுத மாதிரில்லா" என்று பின்னாலேயே வந்தார். அன்றும் வெள்ளிக்கிழமை, கூடத்தில் ஊழியக்காரர் இருந்தார். என்னை ஒரு நாற்காலியில் உட்கார்த்திவிட்டு, அம்மா நேரே மேடையேறி இரண்டு கட்டைகளையும் கழற்றினாள். அவர், "அம்மா, அது சாட்சி" என்றார்.

"வேதத்துல அந்தக் கைகால் விழுந்த திமிர்வாதக்காரன்ட்ட ஆண்டவர், படுக்கைய எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போன்னுதானய்யா சொன்னாரு? இங்கனயே மாட்டிட்டுப் போன்னு சொல்லலையே!" என்றாள் அம்மா.

வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் ஒதுங்கி வழிவிட்டார். நானும் அன்று அவரைப் பார்த்துப் பயப்படவில்லை. எலும்பு விலகியிருந்தது, மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி மாவுக்கட்டு. என் வலது கால் இன்றுவரை சற்றுக் குட்டைதான்.

இதைப் படிப்பவர்கள் எனக்கு ஜெபத்தின் மேல் கோபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜெபம்தான் என்னை நடக்க வைத்தது; அது எங்கள் அடுக்களையில் நடந்த ஜெபம். மாவுக்கட்டைப் பிரித்தபின் அம்மா தினமும் சாயங்காலம் என் காலில் கைவைத்து, யாரோ பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோல, "ஆண்டவரே, நாளைக்கு இவ வாசப்படி வரைக்கும் போனாப் போதும்" என்பாள். வாசற்படி கைகூடியதும் அடிபம்பு வரைக்கும் கேட்பாள். அதன்பின் தெருமுனை. கேட்டது கிடைக்காத நாளில் அவரைக் கோபித்துக்கொள்வாளே தவிர, என்னை ஒரு சொல் சொன்னதில்லை. டாக்டர் ஒரு கட்டையை விடலாம் என்றபோது அதற்கும் ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பாவோ பள்ளிக்கூடம் வரை என் நடைக்கு நடந்து வருவார். "மெள்ள வா தாயி, எனக்கு ஒரு சோலியும் இல்ல" என்பார், வண்டியில் லோடு காத்துக்கிடக்கும்போதே.

இன்று அந்தத் தகரக் கூடம் இல்லை. அந்த இடத்தில் சீசனுக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. என் கட்டைகளைக் கறையான் தின்றுவிட்டது. ஆனால் அந்த ஆணிகள் மட்டும் எங்கும் போய்விடவில்லை என்பதைப் போன சாரலில் வாசுதேவநல்லூரில் பார்த்தேன். உறவுக்காரர் கூப்பிட்டாரே என்று ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்த ஒரு கொத்தனாரை மேடையேற்றி, அவர் பிடித்து நடக்கிற வாக்கரை ஒருவன் ஓரமாகத் தூக்கிக்கொண்டு போக, நான்கைந்து பேர் அதைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மனிதர் நடுங்கிக்கொண்டு நின்றார்.

நான் எழுந்தேன். அத்தனை பேர் பார்க்க நொண்டிக்கொண்டே மேடையேறி, வாக்கரைப் பிடுங்கி அவர் முன்னால் வைத்தேன். "இதப் பிடிச்சுக்கிட்டே நடங்க தம்பி, நடந்து வீட்டுக்குப் போங்க" என்றேன். மைக் பிடித்தவர், "சிஸ்டர், அவிசுவாசத்துக்கு இடங்கொடாதீங்க" என்றார். நான் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

கொத்தனார் வாக்கரைப் பிடித்து மெள்ள இறங்கி வந்தார். யாரும் கைதட்டவில்லை. வாசலில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்களேன்" என்று அழுதாள். எனக்கு மேடை ஜெபம் வராது. அவர் இடுப்பில் கைவைத்தேன்.

"ஆண்டவரே, நாளைக்கு இவரு வாசப்படி வரைக்கும் போனாப் போதும்" என்றேன்.