இப்படிக்கு, நீண்டகால வாசிகள்

தாத்தா போயிட்டாங்க...

காலையில் இந்த ஒரு வரியைப் போட்டுவிட்டு போனைத் தூக்கி வைத்துவிட்டேன். இப்போது வந்து பார்த்தால் கமெண்ட் எல்லாம் "உங்க அப்பாவோட அப்பாவா?", "அவருக்கு என்ன வயசு?" என்று.

இல்லைங்க. தாத்தா ஒரு பெண். எங்கள் இலங்கையில், மாத்தளை முஸ்லிம் வீடுகளில் தாத்தா என்றால் அக்கா.

உங்கள் மேல் தப்பில்லை. இதே தப்பை நான் பத்தொன்பது வயதில் செய்தேன்... அதுவும் எழுத்தில்.

எழுபதுகளின் தொடக்கம். அப்பா ஹட்டன் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஆயுள் முழுக்க குவார்ட்டர்ஸில் கிடந்த குடும்பம் மாத்தளை டவுனில் சொந்தமாக ஒரு மாடி வீடு வாங்கியது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மெயின் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் இறங்குகிற சின்ன லேன். பழைய ஓட்டு வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி இடித்து, ஆபீஸ்காரர்கள் மாடி கட்டிக்கொண்டிருந்த காலம்.

பழைய ஆட்கள் எங்களை "மாடிக்காரங்க" என்பார்கள். நாங்கள் அவர்களை எப்படியும் அழைத்ததில்லை... பேசினால்தானே.

லேன் முடிகிற இடத்தில் கவுன்சில் நிலம் கொஞ்சம் சும்மா கிடந்தது. அங்கேதான் கொக்கோ காயும். எங்களுக்குப் பக்கத்து ஓட்டு வீட்டார் ஈரக் கொட்டையாக வாங்கி, வாழை இலை மூடிப் புளிக்க வைத்து, பிறகு சாக்கில் பரப்புவார்கள். அந்தப் புளிச்ச வாடை எங்கள் மாடியில் காயும் உடுப்பிலெல்லாம் ஏறிவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்க "தாத்தாக்கிட்டக் கேளு", "தாத்தா ஏசுவாங்க" என்று ஒரே பேச்சு. யாரோ ஒரு கிழவர் எல்லாரையும் ஆட்டிவைக்கிறார் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம்.

வெயிலில் கொட்டையைக் கிளறிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணைத் தினமும் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். கூலிக்கு வந்தவள் என்று நினைத்தேன்.

வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கவுன்சிலுக்கு ஒரு பெட்டிசம் போடலாம் என்றார் அப்பா. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வீட்டில் என் எழுத்துதான் அழகு.

"தாத்தா என அழைக்கப்படும் வயோதிபர் ஒருவர் பொது நிலத்தை ஆக்கிரமித்து..." துர்நாற்றம், நோய், இருக்கிறது இல்லாதது எல்லாம் போட்டோம். எங்கள் பெயர் மட்டும் போடவில்லை.

கீழே "இப்படிக்கு, இவ்வொழுங்கையின் நீண்டகால வாசிகள்" என்று எழுதியது என் சொந்த ஐடியா. அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார்.

ஒரு நாள் காலை கவுன்சில் ஓவசியர் அந்தக் காகிதத்தோடு வந்தார். லேன் நடுவில் நின்று சத்தமாக வாசித்துவிட்டு, எங்கே அந்த வயோதிபர் என்று கேட்டார். முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு லேனே சிரித்தது.

நான் தினமும் பார்க்கிற அந்தப் பெண் கையை முக்காட்டில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். முப்பது வயதுகூட இருக்காது.

"வயோதிபர் நான்தான் சேர். என்ன விசயம்னு செல்லுங்க."

காகிதத்தைக் கேட்டு வாங்கி, கடைசி வரி வரைக்கும் நிதானமாக வாசித்தார். பிறகு தலையைத் தூக்கி நேராக எங்கள் ஜன்னலைப் பார்த்தார்.

மற்ற மாடி வீடுகளில் எல்லாம் சிங்கள ஆட்கள். தமிழ் எழுதத் தெரிந்து, தாத்தா என்றால் அக்கா என்று தெரியாத வீடு அந்த லேனில் ஒன்றே ஒன்றுதான்.

நான் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

சிரித்தாலும் பெட்டிசம் பெட்டிசம்தானே. கவுன்சில் அந்த நிலத்துக்கு வேலி போட்டுவிட்டது. வாப்பா மவுத்தாகி, தகப்பன் இல்லாத வீடு அது, தம்பி தங்கச்சிமார் நாலு பேரை அவர் அந்தக் கொக்கோவை வைத்துத்தான் வளர்த்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். கேட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்...

அந்த வருசப் பெருநாளுக்கு லேனில் எல்லா வீட்டுக்கும் வட்டிலப்பம் போனது. எங்கள் வீட்டுக்கும் வந்தது. கொண்டுவந்த அவர் தங்கச்சி அம்மாவிடம், "வயோதிபர் தந்து அனுப்பினாங்கன்னு செல்லச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாருடி அது என்று அம்மா என்னைக் கேட்டார். தெரியாது என்றேன். வட்டிலப்பத்தை மட்டும் வழித்துச் சாப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் அவர்கள் வீட்டை விற்றுவிட்டு உக்குவளைக்குப் போய்விட்டார்கள். அந்த ஓட்டு வீடு இருந்த இடத்திலும் ஒரு மாடி எழும்பியது. எங்கள் உடுப்பில் வாடை நின்றுபோனது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்... எனக்கும்தான்.

அதற்குப் பிறகு மாத்தளை பஸ் ஸ்டாண்டில் எத்தனையோ தடவை அவரைக் கண்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர்தான் முதலில் சிரிப்பார்.

"என்ன புள்ள, வயோதிபர ஞாபகம் ஈக்கா?"

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே, பஸ் வந்துவிட்டது என்பேன். எந்த பஸ்ஸும் வந்திருக்காது.

எழுதியது நான்தான் என்று ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. இதை டைப் பண்ணும்போது முகமெல்லாம் கூசுகிறது.

காலையில் போன் செய்தது அவர் தம்பியின் மகள். இங்கே கொழும்பில் என் மகளோடு வேலை செய்கிற பிள்ளை. ஒன்றும் தெரியாமல், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"மாமி உங்களப் பத்தி நல்லாத்தான் செல்லுவாங்க ஆன்ட்டி. மாடி வீட்டுப் புள்ளட எழுத்து முத்து முத்தா ஈக்கும்னு கடைசி வரைக்கும் செல்லிக்கிட்டு இருந்தாங்க."

என் எழுத்தை அவர் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு காகிதத்தில்தான்.

அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம். இப்போதே கிளம்பினால் போய்ச் சேரலாம்... எந்த முகத்தோடு போக?

போயிட்டு வாங்க தாத்தா. உங்களை அப்படி நான் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை.

எழுதினது நான்தான்.