மாமா எடுத்த ஏலம்

எங்கள் அத்தையிடம் கோயிலுக்குக் கட்டிப்போக ஒரே ஒரு சேலைதான் இருந்தது, பச்சை நிறத்தில்.

அப்பா இறந்தபின் அம்மா நர்ஸ் படிப்புக்குப் போய்விட, நானும் தம்பியும் ஆமத்தூர்ப் பக்கம் மாமா வீட்டில்தான் வளர்ந்தோம். மாமா அம்மாவின் அண்ணன்; சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வேலை. அத்தை வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டுவாள். கிறிஸ்துமஸுக்கு எங்கள் இருவருக்கும் புதுத்துணி தவறியதே இல்லை. உனக்கு எங்கே என்று கேட்டால், பச்சைதான் தனக்கு எடுப்பு என்பாள் அத்தை. நாங்களும் நம்பினோம். நம்புவதற்கு அது வசதியாகவும் இருந்தது.

சாத்தூர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து எங்களை அழைத்துக்கொண்டதும், அம்மா அத்தைக்கு ஒரு நீலச் சுங்குடிச் சேலை எடுத்துக்கொண்டு போனாள். மாமா அதைத் தொடக்கூட இல்லை.

“தங்கச்சிக்குச் செய்யத்தான் அண்ணன் இருக்கேன். அவகிட்டக் கை நீட்டி வாங்குனா ஊரு சிரிக்கும் தாயி.”

அத்தை சேலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைக்கத்தான் விடுவார்கள் போலிருக்கிறது, பதிலுக்கு ஒன்று செய்ய விடமாட்டார்கள்.

அம்மா லேசில் விடுகிறவள் இல்லை. அறுப்பின் பண்டிகைக்கு மாமா ஊர்க் கோயிலில் அவரவர் வீட்டுப் பொருளைக் காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஏலம் விடுவார்கள். பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவே அம்மா அந்தச் சேலையை வைத்துவிட்டாள். தங்கையிடம் வாங்கினால்தானே குற்றம்? ஆண்டவருக்குப் படைத்ததை ஏலத்தில் எடுக்கலாமே! முந்தின நாளே வீடு வீடாகப் போய், “எங்கண்ணன் கேட்ட பொறவு யாரும் மேல கேக்காதீக” என்று சொல்லியும் வைத்திருந்தாள். ஏலம் விடுகிற உபதேசியாருக்கு மட்டும் விஷயம் தெரியாது.

அவர் சேலையை விரித்துக் காட்டி, ஒரு ரூபாய் என்று ஆரம்பித்தார். தங்கை கொடுத்தது அயலார் கைக்குப் போகப் பொறுக்காமல் மாமா இரண்டு என்றார். அப்புறம் கோயிலில் சத்தமே இல்லை. சற்றுமுன் ஒரு சேவலுக்கு அடித்துக்கொண்ட கூட்டம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மாமா கூட்டத்தைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“ஒரு தரம்… ரெண்டு தரம்…” என்று இழுத்தார் உபதேசியார் பரிதாபமாக.

“இருங்கய்யா. என் தங்கச்சி குடுத்த சேலை அம்புட்டு லேசாப் போச்சா? மூணு!” என்றார் மாமா.

“நீங்க கேட்டதுக்கு நீங்களே மேல கேக்கீகளே!”

“எனக்குப் பிடிச்சிருக்கு, கேக்கேன். நாலு!”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மாமா சளைக்காமல் ஏற்றிக்கொண்டே போனார். பெண்கள் பக்கமிருந்த அத்தை, கடையில் விற்கிற விலை வந்ததும் லேசாகத் தலையசைத்தாள். மாமா அதோடு நிறுத்திக்கொண்டார். அத்தை அங்கேயே பச்சைக்கு மேல் நீலத்தைப் போர்த்திக்கொண்டு அம்மாவிடம் வந்து, “நல்லாருக்கா?” என்று கேட்டாள். அம்மா அதன் மடிப்பை நீவிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். மாமா கணக்குத் தெரியாமல் ஏமாந்துபோனதற்குத்தான் இந்த அழுகை என்று நினைத்து எனக்கும் துக்கம் பொங்கியது. “அழாதம்மா, அடுத்த லீவுக்குப் போகும்போது நான் மாமாவுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துருதேன்” என்று அவள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தேன்.